தூசி தட்டுகிறவர்

எங்கள் ஊரிலிருந்து கல் குவாரிப் பக்கம் போகிற ரோட்டை ரோடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். தார் போடுகிறோம் என்று தோண்டினார்கள். தோண்டியவர்கள் போனவர்கள் போனவர்கள்தான். இப்போது அது கணுக்கால் புதைகிற மண்ணும் பள்ளமுமாகக் கிடக்கிறது. பஸ் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டது. பஸ்ஸுக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லை. குவாரிக்கு அந்தப் புறம் இருக்கிற பள்ளிக்கூடத்து டீச்சர்களையும், சுகாதார நிலைய நர்ஸையும், குவாரி ஆபீஸ் கிளார்க்கையும் என் காரில் ஏற்றிக்கொண்டு காலையில் போகிறேன், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன். நடுவில் யாராவது கூப்பிட்டால் அதற்கும் போகிறேன்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் தண்ணீர் செங்கல் நிறத்தில் ஓடும். பல்லுக்கு நடுவில் எப்போதும் நறநறவென்று ஏதோ இருக்கும். தலைக்கு எத்தனை முறை சோப்புப் போட்டாலும் சீப்பில் மண் வரும். கண்ணாடியை ஏற்றி வைத்தால் உள்ளே வேகும், இறக்கினால் மண் அடிக்கும். கிளார்க் ஏற்றச் சொல்வார், நர்ஸ் இறக்கச் சொல்வாள். நான் பாதி ஏற்றி வைத்து இரண்டு பேரிடமும் திட்டு வாங்குவேன்.

கார் என் வீட்டுக்காரருடையது. ஓட்டிக்கொண்டிருந்தவரும் அவர்தான். சர்க்கரை நோய் அவர் கண்ணைத் தின்றுவிட்டது. முதலில் ஒரு கண், அப்புறம் இன்னொன்று. பகலா ராத்திரியா என்பது தெரியும், எதிரில் நிற்கிறது நானா அலமாரியா என்பது தெரியாது. காரை விற்றுவிடு என்று அவர் தம்பி முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் சொன்னார்கள். எனக்கு வீம்பு வந்துவிட்டது. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, இரண்டு முறை ஃபெயிலாகி, லைசென்ஸ் வாங்கினேன். அந்த வீம்பு அன்றைக்கு நல்லாத்தான் இருந்தது. இன்றைக்கு இடுப்பு வலிக்கிறது.

கண் போன பிறகு அவர் எதையும் தொடவில்லை. சும்மா உட்கார்ந்தே இருந்தால் மனுஷன் கெட்டுப்போவாரே என்று ஒருநாள் வெங்காயத்தை உரிக்கச் சொல்லி முன்னால் வைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டார்.

"ஸ்டியரிங் பிடிச்ச கைடி இது. வெங்காயம் உரிக்கவா?"

"ஸ்டியரிங் நான்தான் பிடிக்கிறேன், வெங்காயமும் நான்தான் உரிக்கிறேன். என் கைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"உன் கை வேற."

அதற்கு மேல் என்ன பேச? வானொலியைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். ஊசி போட்டீர்களா என்று நான்தான் கேட்க வேண்டும். ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டே இருப்பார். உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது பயமாக இருந்தது.

அந்த நிலைமையிலிருந்து அவரை எழுப்பியது காரின் ஏர் ஃபில்டர்தான். எஞ்சினுக்குள் போகிற காற்றில் இருக்கிற தூசியைப் பிடித்து வைக்கிற காகித ஃபில்டர். ஒருநாள் சாயங்காலம் நான் வண்டியை நிறுத்திய சத்தம் கேட்டு அவராகவே சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பானெட்டைத் தடவித் தூக்கினார். ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளை விரலாலேயே கண்டுபிடித்து விடுவித்தார். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல ஃபில்டரை எடுத்துக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

"இந்த மண் ரோட்டுல ஓட்டுறியே, இதை யாராவது பார்க்கிறீங்களா? எஞ்சினும் நம்மள மாதிரிதான். மூக்கு சுத்தமா இருந்தாத்தான் மூச்சு வரும்."

அன்றிலிருந்து தினமும் அதுதான் அவருக்கு உத்தியோகம். ஃபில்டரைப் படியின் விளிம்பில் தட்டுவார். பழைய பல் பிரஷ்ஷால் மடிப்பு மடிப்பாகத் தேய்ப்பார். சைக்கிள் பம்பால் காற்றடிப்பார். திரும்ப எடுத்துப் போய் மாட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்து, "என்ன சாப்பாடு?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காக நான் அந்த ஃபில்டருக்குக் கோயில் கட்டியிருப்பேன். ஊசியும் நேரத்துக்குப் போட ஆரம்பித்தார். லாரி முன்னால் போனால் ஓரங்கட்டி நிறுத்து, தூசி அடங்கின பிறகு கிளம்பு என்று எனக்குப் பாடமும் எடுத்தார். நானும் அப்படியே செய்தேன். அதனால் டீச்சர்கள் பாதி நாள் பிரேயர் முடிந்த பிறகுதான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார்கள்.

அப்படிப் பார்த்துப் பார்த்து ஓட்டிய வண்டிதான் புகை விட ஆரம்பித்தது. சைலன்சரிலிருந்து நீலமாகப் புகை. மேடு ஏறும்போது இழுவை இல்லை. பெட்ரோல் குடிப்பது போதாதென்று ஆயிலையும் குடித்தது. வாரா வாரம் ஊற்றினேன், அப்புறம் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊற்றினேன். புகை அவருக்குத் தெரியாவிட்டாலும் வாசனை தெரிந்துவிட்டது.

"லாரிக்குப் பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போறியா?"

"இல்லைங்க. நின்னுதான் போறேன்."

"நின்னு போற வண்டி இப்படி ஆகுமா? நான் எத்தனை வருஷம் ஓட்டினேன், ஒரு நாளாவது புகை விட்டுச்சா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தம்பியும் தம்பி மனைவியும் வந்திருந்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டு, "நானும் தினம் தட்டித் தட்டித்தான் குடுக்கிறேன். இவ ஓட்டியே வண்டியைக் கொன்னுட்டா" என்றார். தம்பி மனைவி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டு, கழுவியதையே கழுவிக்கொண்டு நின்றேன். அடுத்த வாரம் குவாரி மேட்டில் கார் நின்றுவிட்டது.

மெக்கானிக்குக்கு எங்கள் ஊரில் 'நாளைக்கு' என்று பெயர். எந்த வண்டியைக் கொடுத்தாலும் நாளைக்குத் தருகிறேன் என்பார். ஆள் தங்கமானவர், அந்த நாளைதான் வராது. கட்டி இழுத்து வந்த காரை அவர் பட்டறையில் ஒரு பழைய வேனுக்கும் தலையில்லாத டிராக்டருக்கும் நடுவில் நிறுத்தினோம். எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு எடுத்து என்னிடம் காட்டினார். விரல் முழுக்கச் செம்மண்.

"இது ஃபில்டருக்கு அந்தப் பக்கம்க்கா. இங்க பொட்டுத் தூசி இருக்கக் கூடாது. இந்த மண்ணு போய்த்தான் உள்ள எல்லாத்தையும் தேச்சிருக்கு. பிஸ்டன் ரிங்கு காகிதம் மாதிரி ஆயிடுச்சு."

"ஃபில்டரைத் தினம் சுத்தம் பண்றோமே அண்ணே."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் ஃபில்டரை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். மடிப்புகளுக்குள் அங்கங்கே ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தது. ஒரு பக்கத்து ஓரம் லேசாக வளைந்திருந்தது.

"தட்டித் தட்டி ஓரம் வளைஞ்சு போச்சு, பெட்டியில சரியா உக்காரலை. பம்பு வச்சு அடிச்சதுல காகிதம் பொத்தல். தினம் திறந்து திறந்து மூடினா, அந்த நேரத்துலயும் கொஞ்சம் மண்ணு உள்ள விழும். தூசி படிஞ்ச ஃபில்டரைத் தொடாம விட்டிருந்தாக்கூட இந்த எஞ்சின் நல்லா ஓடியிருக்கும்க்கா. படிஞ்ச தூசியே புதுத் தூசியைக் கொஞ்சம் பிடிக்கும். ரொம்ப அடைச்சுப் போனா வேற மாத்தணும், அவ்வளவுதான். யாரு இதைத் தட்டுறது?"

நான் அந்த வளைந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறைப்பானேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நான் கொல்லவில்லை. நான் ஓரங்கட்டி நின்ற அத்தனை நிற்பும், டீச்சர்களிடம் வாங்கிய அத்தனை முணுமுணுப்பும் வீண் இல்லை. ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது சொல்ல வேண்டியதையெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். உங்க கைதான், உங்க பம்புதான், உங்க தம்பியைக் கூப்பிடுங்க, அவர் பொண்டாட்டியையும் கூப்பிடுங்க. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் நான் எனக்குள் பேசுவதைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

வீட்டு வாசலில் அவர் உட்கார்ந்திருந்தார். கார் பட்டறையில் இருப்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்துக்கு வெளியே வந்து, பிரஷ்ஷையும் பம்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். செருப்புச் சத்தத்தை வைத்து நான்தான் என்று கண்டுபிடித்தார்.

"என்ன சொன்னான்?"

"எஞ்சின் போச்சாம். வேற வண்டியில இருந்து எடுத்த எஞ்சின் ஒண்ணு இருக்காம், அதைத்தான் வைக்கணுமாம்."

"ம்." வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார். "நம்ம ஃபில்டரைப் பார்த்தானா?"

"பார்த்தாரு."

"அசந்து போயிருப்பானே."

ஒத்திகை பார்த்ததெல்லாம் நாக்கு நுனியில்தான் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். பரீட்சைப் பேப்பர் கைக்கு வரப் போகிற பிள்ளையின் முகம். ஃபில்டர் கைக்கு வருவதற்கு முன்னால் எத்தனை மாதம் அந்த முகத்தில் எதையும் பார்க்காமல் இருந்தேன்.

"அசந்துதான் போனாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். போய்ப் பாயில் அப்படியே குப்புறப் படுத்தேன். அழக்கூடத் தெம்பு இல்லை.

கையில் இருந்ததையெல்லாம் வழித்து எடுத்து அந்த எஞ்சினை வாங்கினோம். இதுவும் போனால் அடுத்தது கிடையாது. கார் இல்லையென்றால் அடுப்பும் எரியாது, அவருக்கு ஊசியும் கிடையாது. ஆக, அவர் கை இனிமேல் அந்த ஃபில்டர் மேல் படக் கூடாது. அதைச் சொன்னால் அவர் திரும்ப அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். ராத்திரியெல்லாம் படுத்தபடியே யோசித்தேன். எஞ்சினையும் விட முடியாது, இந்த மனுஷனையும் விட முடியாது.

'நாளைக்கு'விடம் போய், ஃபில்டர் பெட்டிக்குக் கிளிப்பை எடுத்துவிட்டு ஸ்க்ரூ போடச் சொன்னேன். புது ஃபில்டரை உள்ளே வைத்து முடுக்கினார். பழையதைக் குப்பையில் போடப் போனவரைத் தடுத்து வாங்கிக்கொண்டேன்.

"பொத்தல் ஃபில்டர் எதுக்குக்கா?"

"வீட்டுல ஒரு வேலைக்கு. அவர் இங்க வந்து கேட்டா எதுவும் சொல்லிடாதீங்க அண்ணே."

"கேட்டா நாளைக்குச் சொல்றேன்னு சொல்லிடுறேன்" என்றார் மெக்கானிக்.

வீட்டுக்காரரிடம், புது எஞ்சினுக்கு ஸ்க்ரூ போட்ட பெட்டி, தடவிக் கழற்ற முடியாது, நானே கழற்றித் தருகிறேன் என்றேன். "நீ கழட்டுறியா? பெரிய ஆளாயிட்ட" என்றார். பழைய ஃபில்டரைக் கையில் கொடுத்தேன். அன்றைக்கு அதில் பழைய தூசியே இருந்தது. தட்டினார், தேய்த்தார், காற்றடித்தார். "என்ன சாப்பாடு?" என்றார்.

மறுநாள்தான் எனக்கு உறைத்தது. பழைய ஃபில்டர் என் கைப்பைக்குள் இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது. சுத்தமான ஃபில்டரைக் கொடுத்தால் தடவிப் பார்த்த உடனே தெரிந்துவிடும். எல்லோரையும் இறக்கிவிட்டு வரும் வழியில், ரோட்டு ஓரத்தில் வண்டியை நிறுத்தி, குத்தவைத்து உட்கார்ந்து, கை நிறைய மண்ணை அள்ளி ஃபில்டர் மேல் பூசினேன். காலையிலிருந்து எந்தத் தூசி வேண்டாம் வேண்டாம் என்று ஓடினேனோ அதையே அள்ளிப் பூசுகிறேன். எனக்கே என்னைப் பார்த்தால் பைத்தியம் மாதிரி இருந்தது.

அப்படியே பல வாரம் ஓடியது. மற்ற எல்லா வேலையும் முடிந்து, உடம்பு இதோடு போதும் என்கிற நேரத்தில் இது ஒரு வேலை. இடுப்பு குனிய மாட்டேன் என்னும். குனிந்து பூசுவேன். ஒருநாள் கணக்கு டீச்சர் எங்கள் ஊரில் பிடிக்கிற வெளியூர் பஸ்ஸை விட்டுவிட்டு என்னுடனேயே வீட்டுப் பக்கம் வந்தாள். நான் நிறுத்திப் பூசுவதை ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"வண்டிக்குப் பவுடர் போடறேன்."

அவள் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

வீட்டில் அவர் வாங்கித் தடவுவார். "இன்னைக்குக் காத்து ஜாஸ்தியா?" என்பார். "லாரி ஓடுச்சு போல" என்பார். நானும் ஆமாம் ஆமாம் என்பேன். அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. புது எஞ்சின் சத்தமில்லாமல் ஓடியது. நான் மட்டும் ஒவ்வொரு சாயங்காலமும் திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி வாயை மூடிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றேன்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பும்போது குவாரி மேட்டில் ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ரோடு மட்டும் அடைபட்டது. வெயிலில், புழுதியில், குடிக்கத் தண்ணீர் தீர்ந்து, நர்ஸும் கிளார்க்கும் கண்ணாடிக்காகச் சண்டை போட, பொழுது சாயும் வரை அங்கேயே கிடந்தோம். தலை இரண்டாகப் பிளந்துவிடும் போல வலித்தது. எல்லோரையும் கொண்டுபோய் இறக்கிவிட்டு எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்றே தெரியவில்லை. பையிலிருந்து ஃபில்டரை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போகக்கூட முடியாமல் படியிலேயே பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் தட்டினார். பிரஷ்ஷால் தேய்த்தார். பம்பை எடுத்துக் காற்றடித்தார்.

"யப்பா, இன்னைக்கு என்னா தூசி!" என்றார்.

"பொய் சொல்லாதீங்க. இன்னைக்கு நான் பூசவே இல்லை" என்றேன்.

எரிச்சலில் வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. கண்ணைத் திறந்தேன். அவர் கையில் பம்பு அப்படியே நின்றிருந்தது.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"மொதல் தடவை நீ பூசிக் குடுத்தப்பவே தெரியும். எஞ்சின் இழுக்கிற தூசி மடிப்புக்குள்ள போய் ஒட்டிக்கிட்டு இருக்கும், மாவு மாதிரி. நீ கொண்டாறது எல்லாம் மேலாக்க நிக்குது. கல்லு வேற. ஒருநாள் ஆட்டுப் புழுக்கை இருந்துச்சு."

சிரிப்பு வந்தது, வரக் கூடாத நேரத்தில். அடக்கிக்கொண்டேன்.

"அப்புறம் ஏன் கேட்கலை?"

"நீ ஏன் சொல்லலை?"

தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். அவர் ஃபில்டரை மடியில் வைத்துக்கொண்டு, வளைந்த ஓரத்தை விரலால் தடவினார். திரும்பத் திரும்ப அந்த இடத்தையே தடவினார்.

"அந்த எஞ்சின் போனது என் கையாலதானே?"

எத்தனை நாள் இந்தக் கேள்விக்காகப் பதிலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஷேர் ஆட்டோவில் எவ்வளவு அழகாகச் சொல்லிப் பார்த்தேன். இப்போது அதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"ஆமாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.

"தம்பி முன்னாடி உன்னைத் திட்டினேனே."

"திட்டினீங்க."

"நீ வாயே திறக்கலை."

"அப்ப எனக்கும் தெரியாது. தெரிஞ்சப்போ சொல்லலாம்னுதான் வந்தேன். அசந்து போயிருப்பான்னு சொன்னீங்க. அதுக்கு மேல என்னால முடியலை."

"தப்புப் பண்ணிட்டேன்டி" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமா, பாவமா, வெறும் அலுப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. முந்திக்கொண்டு வந்தது அலுப்புத்தான் என்று நினைக்கிறேன். மூக்கைத் துடைத்தேன், கையில் சேறாக வந்தது.

"விடுங்க. இனிமே அதைக் கொண்டு வரலை. தூக்கிப் போட்டுடலாம்" என்று கையை நீட்டினேன்.

அவர் ஃபில்டரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம், இங்கயே இருக்கட்டும்." குரல் சின்னதாகிவிட்டது. "மண்ணு மட்டும் நீ பூசாத. ஓட்டிட்டு வர்றதே பெரிய விஷயம். நானே பூசிக்கிறேன்."

குனிந்து, படிக்குக் கீழே தடவி ஒரு பிடி மண்ணை அள்ளினார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"இது ஆகாது. ஒரே கல்லு. உள்ள மாவு சலிக்கிற சல்லடை இருக்குமே, அதை எடுத்துட்டு வா."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சல்லடையை எடுக்க உள்ளே போனேன்.